பீன் பேக் வேணாம், மேட் போதும்

"டாக்டர், எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்துக்கு நாலு பீன் பேக் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கோம். ஓகேவா?"

குன்னூர் நண்பர் கேட்டார். நல்ல மனசு. ஆனா என் பதில்: வேண்டாம்.

1. உள்ளே இருப்பது குட்டி குட்டி தெர்மாகோல் உருண்டைகள். அமெரிக்காவில் 2014-ல் சுமார் 22 லட்சம் பீன் பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன. காரணம், ஜிப்பைத் திறந்து உள்ளே போன 2 குழந்தைகள் மூச்சடைத்து இறந்தது.

2. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையை அதில் தூங்க வைக்கவே கூடாது. முகம் புதைஞ்சா தானா விலக முடியாது. கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

3. நம்ம மலையில பெரிய பிரச்சினை ஈரம். மழைக்காலத்துல துவைச்ச சட்டையே மூணு நாள் காயாது. குழந்தை மூத்திரம் போன பை எப்போ காயும்? பூஞ்சைதான் பிடிக்கும். இழுப்பு இருக்கிற குழந்தைக்கு அது போதும், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடி வர.

அப்போ என்ன வாங்கலாம்?

தரைக்குளிர் ஏறாத, துடைக்கக்கூடிய கெட்டி ஃபோம் மேட். பெரிய பிள்ளைங்க சாய்ஞ்சு உட்கார ரெக்ஸின் உறை போட்ட திண்டு. மேட்டை அடிக்கடி தூக்கி, அடியிலயும் துடைச்சுக் காய விடணும்.

50 பெண்களோ அதுக்கு மேலயோ வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் கட்டாயம்னு 1951-லேயே சட்டம் வந்தது. கொழுந்து பறிக்கப் போற அம்மா நம்பி விட்டுட்டுப் போற இடம் அது. அங்கே போடுற பொருள் போட்டோவுல அழகா இருக்கிறது முக்கியமில்ல. துடைச்சா காயணும். அவ்ளோதான்.