'நீங்களே பார்த்துப் பண்ணுங்க': வீடு புதுப்பிக்கும்போது அதிகம் செலவு வைக்கும் வார்த்தை

காலை 11 மணி. அலுவலகத்தில் இருக்கும்போது மேஸ்திரியிடமிருந்து போன். "சார், சமையல் மேடை கட்டப் போறோம். உயரம் எவ்வளவு வைக்கட்டும்? ஆளுங்க சும்மா நிக்கிறாங்க."

"வழக்கமா எவ்வளவு வைப்பீங்க மேஸ்திரி?"

"33 இன்ச் சார்."

"அப்ப சரி, நீங்களே பார்த்துப் பண்ணுங்க."

ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. மேடையும் எழும்பிவிட்டது. அதன் பிறகு பழைய தரைக்கு மேல் ஒன்றரை அங்குலம் கலவை போட்டு டைல்ஸ் பதித்தார்கள். 33 அங்குல மேடை 31.5 அங்குலம் ஆனது. அந்த வீட்டில் சமைக்கிற அம்மாவின் உயரம் 5 அடி 5 அங்குலம். இனி தினமும் இரண்டு வேளை குனிந்துதான் காய் நறுக்க வேண்டும். மேலே கிரானைட் ஒட்டியாயிற்று. உயர்த்த வேண்டுமானால் உடைக்க வேண்டும்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் வீட்டு வேலை பார்த்த யாரும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். இதில் மேஸ்திரி ஏமாற்றவில்லை, சொன்னதைத்தான் செய்தார். வீட்டுக்காரரும் அலட்சியக்காரர் அல்ல. வேலை நடுவே பதில் சொன்னார். அந்த மேடை முன் இருபது வருடம் நிற்கப்போகிறவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. புதுப்பிக்கும் வேலைகளில் வரும் பெரும்பாலான மனக்கசப்புக்கு மோசமான சிமென்ட்டைவிட, யார், எப்போது முடிவு செய்வது என்று பேசிக்கொள்ளாததே காரணம்.

எல்லாக் கேள்வியும் ஏன் அவசரமாகவே வருகிறது?

புது வீடு என்றால் கையில் வரைபடம் இருக்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பல வீடுகளில் அது இருக்காது. "பாத்ரூமை மாத்தணும், கிச்சனைக் கொஞ்சம் பெருசு பண்ணணும், தரை போடணும்" என்று வாய்ப்பேச்சில் வேலை தொடங்கும். சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே ஓடும் பழைய பைப் தெரியும். அப்போது கேள்வி வரும்.

கான்ட்ராக்டர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி. பதில் வரும்வரை அவர்கள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூலி அவர் கையிலிருந்து போகிறது. எனவே பதில் வராவிட்டால் தனக்குப் பழக்கமானதைச் செய்துவிடுவார். பழக்கமானது என்றால், போன வீட்டில் செய்தது. நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால் முடிவு நிற்காது; போன வீட்டின் முடிவு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

யார் எதை முடிவு செய்ய வேண்டும்?

"எல்லாம் நானே சொல்வேன்" என்பதும் தவறு, "எல்லாம் அவரே பார்ப்பார்" என்பதும் தவறு. முடிவுகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் வகை, வீட்டில் வாழ்கிறவர்கள் சொல்ல வேண்டியவை. மேடை உயரம், சுவிட்ச் இருக்கும் இடம், குழாய் எந்தப் பக்கம், வெஸ்டர்ன் டாய்லெட்டா இந்தியனா, பரண் வேண்டுமா, மிக்சியும் கிரைண்டரும் எங்கே நிற்கும் என்பதெல்லாம் இதில் வரும். சமையலறையைப் பற்றிச் சமைக்கிறவரிடமும், பாத்ரூமைப் பற்றி வீட்டில் வயதில் மூத்தவரிடமும் கேட்க வேண்டும். மேடைக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் வசதி. இதற்கு ஒரு டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். அளவு எடுக்க வேண்டியது புதுத் தரை வரப்போகும் மட்டத்திலிருந்து. பழைய தரையிலிருந்து அல்ல.

இரண்டாம் வகை, கான்ட்ராக்டர் சொல்ல வேண்டியவை. தரைக்கு எவ்வளவு வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும், கலவை என்ன விகிதம், எந்த வேலைக்குப் பிறகு எது என்பதெல்லாம் அவர் தொழில். யூடியூபில் பார்த்ததை வைத்து இங்கே வாதாடுவதில் பயனில்லை. "ஏன்?" என்று கேட்கலாம், நல்ல மேஸ்திரி சொல்வார்.

மூன்றாம் வகை, இருவருமே முடிவு செய்யக் கூடாதவை. "இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிடும் சார், ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பழைய தனி வீடுகளில் பல, தூண் இல்லாமல் 9 அங்குலச் சுவர்களே கூரையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. எந்தச் சுவர் தடுப்பு, எந்தச் சுவர் தாங்குகிறது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

சுவரை வெட்டி பைப் புதைப்பதிலும் அளவு உண்டு. செங்கல் சுவருக்கான இந்தியத் தர விதிப்படி, மேலிருந்து கீழாக வெட்டினால் ஆழம் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கைவாட்டில் வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அதாவது 9 அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் ஒன்றரை அங்குலம்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் முக்கால் அங்குலம். எலக்ட்ரீஷியன் கட்டர் எடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு முடிவு நாலு முடிவை இழுத்து வரும்

"பழைய மொசைக்கை உடைக்க வேண்டாம், மேலேயே டைல்ஸ் போட்டுடலாம்" என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். கெட்ட யோசனை இல்லை. உடைக்கும் கூலி மிச்சம், தூசி குறைவு, இடிபாடு அள்ளும் வண்டிச் செலவு இல்லை. ஆனால் பசை வைத்து ஒட்டினால் தரை ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். சிமென்ட் கலவை போட்டால் ஒன்றரை, இரண்டு அங்குலம்கூட உயரும்.

அதனால் என்ன ஆகும்? எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டும். சமையல் மேடை தாழ்ந்துவிடும். பாத்ரூம் தரை முன்பைவிடப் பள்ளமாகிவிடும். மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்ற படிகளைவிட உயரம் குறைந்து நிற்கும். கால் ஒரே அளவில் பழகியிருக்கும்போது ஒரு படி மட்டும் மாறினால் தடுக்கும். இளைஞர் சமாளித்துக்கொள்வார். எழுபது வயது அப்பாவுக்கு அது இடுப்பு எலும்பு.

எனவே எந்த யோசனை வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை மாத்தினா வேற எதெல்லாம் மாறும் மேஸ்திரி?" 'நீங்களே பார்த்துப் பண்ணுங்க' என்று சொல்ல வாய் வரும் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுப் பாருங்கள். அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் சரியான வழி இதுதான்.

ஒவ்வொரு முடிவுக்கும் கடைசி நாள் உண்டு

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கும்வரை மனம் மாறுவதற்குச் செலவு இல்லை. பூச்சு முடிந்த பிறகு அதே மாற்றத்துக்கு உடைப்பு, மறுபூச்சு, மறுபெயின்ட் என்று மூன்று கூலி. ஆகவே வேலை தொடங்கும் முன்பே "எதை எப்போதுக்குள் சொல்ல வேண்டும்?" என்று கான்ட்ராக்டரிடம் பட்டியல் கேளுங்கள். பொதுவாக அது இப்படி இருக்கும்:

சுவரை வெட்டும் முன்: சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர், ஏசி, வாஷிங் மெஷின் இடம். கட்டில், பீரோ எங்கே வரும் என்று முடிவு செய்யாமல் சுவிட்ச் இடம் சொல்ல முடியாது.

பாத்ரூம் பைப் புதைக்கும் முன்: எந்த மாடல் டாய்லெட் என்பது. கழிவு வெளியேறும் வாய் தரையிலா சுவரிலா, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்தத் தூரத்தை டைல்ஸ் பதித்த சுவரிலிருந்துதான் கணக்கிட வேண்டும். முதலில் பைப், அப்புறம் கடை என்று போனால் பிடித்தது பொருந்தாது, பொருந்துவது பிடிக்காது.

கதவு நிலை வைக்கும் முன்: பாத்ரூம் கதவின் அகலம். நம் வீடுகளில் இது இரண்டரை அடி என்றே பழகிவிட்டது. நிலையைத் தவிர்த்து 3 அடி இடைவெளி இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். இன்று வீட்டில் யாருக்கும் அது தேவைப்படாமல் இருக்கலாம். நாளை தேவைப்படும்போது டைல்ஸை உடைத்துக்கொண்டிருக்க முடியாது.

டைல்ஸ் பதிக்கும் முன்: தண்ணீர் கசிவுத் தடுப்புப் பூச்சு. அது காய்ந்ததும் தரையில் தண்ணீர் கட்டி, குறைந்தது ஒரு நாள் முழுக்க நிறுத்தி, கீழ்ப்பக்கமும் பக்கத்துச் சுவரும் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். "நாள் ஆகும் சார்" என்பார்கள். ஆகட்டும். பாத்ரூமுக்கு வழவழப்பு டைல்ஸ் வேண்டாம் என்பதும், 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கி வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பின்னால் ஒன்று உடைந்தால் அதே மாடல் கிடைத்தாலும் அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வாஸ்து பார்க்கிற குடும்பம் என்றால் அதையும் உடைப்பு தொடங்கும் முன்பே பார்த்து முடியுங்கள். பாதி வேலையில் வந்து "அடுப்பு இந்தப் பக்கம் இருக்கக் கூடாதே" என்று சொல்லும் உறவினரை எந்தப் பட்ஜெட்டும் தாங்காது.

எழுதி வைப்பது நம்பிக்கையின்மை அல்ல

"நம்ம ஆளுதானே, எதுக்கு எழுதிக்கிட்டு?" என்று தயங்குகிறவர்கள் அதிகம். ஆனால் எழுத்து கான்ட்ராக்டரையும் காப்பாற்றுகிறது. நீங்கள் மனம் மாறி மாற்றச் சொன்னதற்கு அவர் கூடுதல் பணம் கேட்பது நியாயம். அவர் கேட்காமல் செய்ததற்கு உங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை. இரண்டில் எது நடந்தது என்று மூன்று மாதம் கழித்து இருவருக்குமே சரியாக நினைவிருக்காது.

பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. எந்த வேலை, எந்தப் பொருள், என்ன தொகை, அதில் எது சேரும், எது சேராது என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்து போட்டால் போதும். பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்புங்கள்: "மேடை உயரம் புதுத் தரையிலிருந்து 35 இன்ச். கூடுதல் செலவு இல்லை. சரியா?" அவர் "சரி" என்று பதில் போட்டால் அது பதிவு. போனில் பேசினாலும் பேசி முடித்ததும் அந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள். சுவரை மூடும் முன் பைப், ஒயர் ஓடும் இடங்களை டேப்பை வைத்துப் படம் எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போது கைகொடுக்கும்.

பணத்தைத் தேதி பார்த்துக் கொடுக்காமல் வேலைக் கட்டம் பார்த்துக் கொடுங்கள்: உடைப்பு முடிந்ததும் இவ்வளவு, பைப் வேலை முடிந்ததும் இவ்வளவு. கடைசித் தவணை, குறைகளைச் சரிசெய்த பிறகு. அதேபோல, கட்டம் முடிந்த அன்றே பணம் கொடுப்பது உங்கள் கடமை. அதை நம்பித்தான் அவர் சனிக்கிழமை கூலி கொடுக்கிறார்.

தகராறு வந்தால்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். விற்பனை சம்பந்தப்படாத சொந்த வீட்டுப் புதுப்பிப்பு வேலை, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய திட்டம் அல்ல. உங்களுக்கான வழி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் 'சேவை' என்பதன் வரையறையில் வீட்டுக் கட்டுமானமும் இருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் இல்லை. முதலில் ஆலோசனை வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் முதலில் கேட்பது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதைத்தான்.

கடைசியாக ஒன்று

பட்டியல் போடும் வேலையை வீட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. எந்த முடிவு எந்த நாளில் தேவைப்படும் என்பது ஐம்பது வீடு பார்த்த கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும். "உங்க இஷ்டம் சார்" என்று அவர் சொல்வது மரியாதை போலத் தெரிந்தாலும் அது உதவி அல்ல. "இது இரண்டு விதமா செய்யலாம், இதுக்கு இவ்வளவு, இதனால இது மாறும், வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்பவரே நல்ல கான்ட்ராக்டர். ரேட் விசாரிக்கும்போது இப்படிப் பேசுகிறாரா என்றும் கவனியுங்கள்.

அடுத்த முறை காலை 11 மணிக்கு அந்தப் போன் வந்தால், பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். "ஒரு நிமிஷம் மேஸ்திரி, அம்மாகிட்ட போனைக் கொடுக்கச் சொல்றேன், அவங்க நின்னு காட்டுவாங்க" என்று சொல்லுங்கள். ஆட்கள் பத்து நிமிடம் சும்மா நிற்பார்கள், அவ்வளவுதான்.