சீசனுக்கு முந்தின குற்றாலம்

தென்காசிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். சித்திரையிலும் வைகாசியிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகாதீர்கள்.

நானும் வந்து குடியேறியவள்தான். சென்னையில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். மகனுக்கு மத்தளம்பாறையில் வேலை கிடைத்ததும் மேலகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தோடு வந்துவிட்டோம். மத்தளம்பாறையில் 2011-இல் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. கொரோனாவுக்குப் பிறகு, கணினி இருந்தால் போதும் என்று வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவர்களில் பலர் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே கொடைக்கானலுக்கோ சென்னைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால், "ஜூன்ல சாரல் விழுந்ததும் வந்துடுவோம்" என்கிறார்கள்.

சாரலுக்கு வருவதற்கு ஊரில் வீடு எதற்கு? அதற்கு விடுதி அறை போதும். கூட்டத்தோடு கூட்டமாக வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, பார்டர் கடையில் புரோட்டா சாப்பிட்டுப் போய்விடலாம். ஒரு ஊரில் குடியிருப்பது வேறு காரியம். அதற்கு ஏற்ற மாதங்கள் இந்த இரண்டும்தான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

வெயில் இல்லை என்று சொல்லமாட்டேன். பகல் பதினொரு மணிக்கு மேல் தென்காசி ரத வீதியில் நடக்க முடியாது. அதனாலேயே காலை நேரம் இங்கே நீண்டுவிடுகிறது. ஆறு மணிக்கெல்லாம் பதநீர்க்காரர் சைக்கிளில் வந்துவிடுவார். பச்சைப் பனையோலையை விரித்து, இரண்டு பக்கமும் மடக்கி, நுனியை ஓலை நாரால் ஒரு கட்டுக் கட்டினால் கையில் பட்டை தயார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைக் கட்டைவிரலால் தோண்டி உள்ளே போடுவார். இளம் நுங்கு என்றால் விரல் பட்டதுமே வழுக்கிக்கொண்டு விழும். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, ஓலையின் விளிம்பில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். பதநீரின் இனிப்போடு பச்சை ஓலையின் வாசமும் கலயத்தில் பூசிய சுண்ணாம்பின் லேசான காரமும் நாக்கில் தட்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் அது பதநீராக நிற்காது, கள்ளாகிவிடும்.

"அண்ணாச்சி, நாளைக்குக் கொஞ்சம் பிந்தி வரலாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒன்பது மணிக்கு மேல என்கிட்ட வராதீங்கம்மா, வெயில் ஏறுனா ருசி மாறிரும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலை அவருடைய சைக்கிள் மணியை வைத்துத்தான் தொடங்குகிறது. தெருவில் யார் யாருக்கு என்ன உறவு, எந்த வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அந்தச் சைக்கிளைச் சுற்றி நிற்கும்போது தெரிந்துகொண்டவைதான். ஜூன் பிறந்து கூட்டம் பெருகினால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

அருவியில்தான் தண்ணீர் இல்லையே என்பார்கள். பேரருவி நூலாக இறங்கும் நாளில் போய்ப் பாருங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கும் சிவலிங்கங்கள் அப்போதுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சீசனில் வருகிறவர்கள் அவற்றின் மேல் விழும் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், ஆனால் பார்ப்பதில்லை. மேலே பொங்குமாங்கடலில் விழுந்து நிரம்பித்தான் தண்ணீர் கீழே வழிகிறது என்று படித்திருப்போம். நீர் குறைந்த நாளில் பாறையின் அமைப்பைப் பார்த்தால் அது புரியும். குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழா நடப்பதும் இந்த வறண்ட நாட்களில்தான். அது உள்ளூர்ச் சனங்களின் திருவிழா. தேர் இழுக்கிறவர்களோடு நின்று வடத்தைப் பிடித்தால், எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஊரோடு சேர்வதற்குச் சீசனுக்கு முந்தின நாட்களே ஏற்றவை என்பது வெளிநாட்டுக்கும் பொருந்தும். கிரேக்க நாட்டின் கடலோரச் சிற்றூர்களிலும் இப்படி வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும். அதற்கு முந்தின மே மாதம் ஊர் ஊர்க்காரர்களின் கையில் இருக்கும். மே முதல் தேதி காட்டுப்பூக்களைப் பறித்து வளையமாகக் கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுவது அந்த நாட்டு வழக்கம். பூப் பறிக்க அக்கம்பக்கத்தாரோடு போக வேண்டுமென்றால் மே முதல் தேதி ஊரில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

குற்றாலத்துக்கு வெளியார் வருவது புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்கள் சாரல் மாதங்களில் வந்து தங்கினார்கள், காற்று மாறியதும் திரும்பிப் போனார்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. அப்படி இல்லை. குற்றாலத்திலேயே வீடு வைத்து வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். 1954-இல் மறையும்வரை, வந்தவர்களுக்கெல்லாம் கம்பனையும் சோற்றையும் ஒரே அன்போடு பரிமாறிய வீடு அது. குடியேறியவர்கள் பின்பற்ற ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசு கனத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோடை மழை மலைக்குள் பெய்யும்போது கீழே வெயிலே அடித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டு ஆச்சி பகலில் துணி காயப்போடும்போதே மேற்கே மலையைப் பார்த்துவிடுவார். "மேக்க கருத்துக்கிட்டு வருது, பிள்ளையள ஆத்துப் பக்கம் விடாதீங்க" என்பார். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அந்தக் கணமே கரையேற வேண்டும் என்பதையும் அவர்தான் என் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கோடையில் ஊரில் இல்லாதவர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? போலீஸ் கட்டும் கயிறும் ஒலிபெருக்கியும் அவசியம்தான். அதோடு, மலையைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குமேல் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனால் போதும், பகலின் புழுக்கம் மறந்துபோகும். 1990-இல் மீண்டும் எழுந்து நின்ற அந்த ஒன்பது நிலைக் கோபுரத்தின் வாசலில், ஊரெல்லாம் இலை அசையாத நாளிலும் காற்று ஆளைத் தள்ளும். வைகாசி பாதி கழிந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பலக்க ஆரம்பிக்கும். அதே கணவாய் வழியாகப் புனலூருக்கு ரயிலில் போய்த் திரும்பலாம், ஜன்னலோரம் இடம் கிடைக்கும். 2018-இல் அகலப்பாதையான அந்தத் தடத்தில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது என் பேரன் ஒவ்வொரு முறையும் கண்களை எண்ண முயல்கிறான்.

இந்த வருஷம் ஊரில் தங்குகிறவர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அருவிகளில் சோப்புக்கும் ஷாம்புவுக்கும் தடை உண்டு. ஆனாலும் அருவித் தண்ணீர் ஓடும் சிற்றாற்றுப் படுகையில் தண்ணீர் வற்றியதும் ஷாம்பு பாக்கெட்டும் எண்ணெய்ப் புட்டியும் பழந்துணியும் பாறை இடுக்கெல்லாம் தெரிகின்றன. ஜூனில் நீர் பெருகினால் அத்தனையும் கிளம்பிச் சீவலப்பேரி வரை போய்த் தாமிரபரணியில் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள் கீழே எத்தனையோ இருக்கின்றன. எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் சாக்குப் பையோடு இறங்குகிறோம், வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவோம். மலையைப் பார்த்துக்கொள்ள ஆச்சி கூட வருகிறார். குடிவந்த வீடுகளிலிருந்தும் ஆட்கள் வாருங்கள். முடிந்ததும் பதநீர் வாங்கித் தருவது என் பொறுப்பு.