பெயரோடு நின்றுவிடும் வாசகர்கள்

ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' என்னும் அறிவியல் புதினத் தொடரைப் பற்றி நம்மவர் பேசும்போது இருவகைக் குரல்களைக் கேட்கிறோம். "மஹ்தி, உஸூல், ஷைத்தான், ஜிஹாத் என நம் சொற்கள் எத்தனை!" என்று ஒரு சாரார் பூரிக்கின்றனர். அதே சொற்களைச் சுட்டி, "நம்மை இழிவுபடுத்தவே எழுதப்பட்டது" என்று மறு சாரார் சினக்கின்றனர். இரு சாராரும் பெயரோடு நின்றுவிட்டனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

பெயர்களையே முதலில் பார்ப்போம். ஃப்ரெமன் என்னும் பாலைவனக் குடியினர் தம்மிடம் அடைக்கலம் புகுந்த பால் என்ற இளைஞனை முஅத்திப் என அழைக்கின்றனர். அரபியில் அது ஒழுக்கம் பயிற்றும் ஆசிரியரைக் குறிக்கும். கதையிலோ, நீரின்றி வாழக் கற்ற ஒரு பாலைவன எலியின் பெயர். பாரசீகக் கவி ஹாஃபிஸுக்கு வழங்கிய லிஸானுல் கைப் என்ற சிறப்புப் பெயர், இங்கே வெளியுலகிலிருந்து வரவிருக்கும் மீட்பருக்கு உரியதாகிறது. சொல் நம்முடையது, பொருள் ஆசிரியருடையது. ஜிஹாத் என்ற சொல்லும் அவ்வாறே. சிந்திக்கும் இயந்திரங்களுக்கு எதிராக மனித குலம் முழுவதும் நடத்திய பழம்போருக்கே அத்தொடரில் முதலில் அப்பெயர். 2021இலும் 2024இலும் வெளிவந்த திரைப்படங்களில் அச்சொல் நீங்கி, 'புனிதப் போர்' அமர்ந்தது. சினந்தோர் நிம்மதி அடைந்திருக்கலாம், நமக்கு வருத்தமே. 1965இல் மனித குலத்துக்கே பொதுவாக்கி அச்சிட முடிந்த ஒரு சொல், இன்று வாய்விட்டுச் சொல்லவும் தகாததாகிவிட்டதே!

பாலைக் கண்டு மெய்மறப்போருக்கு நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. 1969இல் வந்த இரண்டாம் நூலில், தன் பெயரால் 6,100 கோடி மக்கள் மாண்டனர் என்று அவனே கணக்குச் சொல்கிறான். அவன் வருவான் என்ற முன்னறிவிப்பும் வானிலிருந்து இறங்கியதன்று. பெனி கெஸரிட் என்ற மகளிர் சங்கம் தன் நலனுக்காக அம்மக்களிடையே முன்னரே விதைத்து வைத்தது.

ஆயினும் இத்தொடரில் உண்மையாக உருமாறுவது யார்? பால் என்பர் சிலர். மணற்புழுவோடு உடல் கலந்து மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு ஆளும் அவன் மகன் லெட்டோ என்பர் சிலர். நாம் ஃப்ரெமன்களையே சொல்வோம். முதல் நூலில் ஒருவன் எதிரே எச்சில் உமிழ்தல் அவமதிப்பன்று, தன் உடலின் நீரையே அவனுக்கு ஈதலாகும். தன் கையால் மாண்டவனுக்காகப் பால் கண்ணீர் சிந்துகையில், இறந்தவனுக்கு நீர் கொடுக்கிறானே என்று கூட்டம் வியந்து நிற்கிறது. வறட்சியே அவர்களுடைய பண்பாட்டின் இலக்கணம். அவர்கள் கண்ட கனவோ, அந்தப் பாலை பசுமையாக வேண்டும் என்பது.

கனவு பலித்தது. கேடும் அங்கேதான் தொடங்கியது. இரண்டாம் நூலில் ஃபரோக் என்றொரு முதிய ஃப்ரெமன் வருகிறான். கடல் என்ற ஒன்றைக் காணும் ஆவலில் படையோடு போனவன்; கண்டான், இறங்கி மூழ்கினான். மகன் போரில் கண்ணிழந்தான். கிழவன் முடிவில் பாலுக்கு எதிரான சதியில் சேர்கிறான். ஆசிரியர் சில பக்கங்களே அவனுக்கு ஒதுக்கினார். நமக்கோ முழுத்தொடரிலும் மறக்கவொண்ணாதவன் அவனே. 1981இல் வந்த நான்காம் நூலில் அராக்கிஸ் பசுமை பூத்திருக்கிறது, ஆறு ஓடுகிறது. அங்கே 'அருங்காட்சியக ஃப்ரெமன்கள்' என்றொரு கூட்டம் வாழ்கிறது. முன்னோர் உடையும் சடங்கும் சொல்லும் அவர்களிடம் உள்ளன. பொருள் மட்டும் இல்லை. நீரைச் சேமிக்கும் தேவையே போனபின் நீரைப் பற்றிய மந்திரம் எதற்கு? ஆயினும் ஓதுகின்றனர்.

நம் சொற்களை எண்ணி மகிழும் நண்பர்களும், எண்ணிச் சினக்கும் நண்பர்களும் முதல் நூலையே மேசைமீது வைத்து வாதிடுகின்றனர். அடுத்த முறை நான்காம் நூலையும் கையோடு கொண்டு வருவார்களாக. அந்த அருங்காட்சியகத்து மனிதர்கள் ஃப்ரெமன்கள்தாமா, அல்லரா? அதற்கு விடை சொன்ன பின் பெயர்க் கணக்கைப் பேசலாம்.