எழுத்துப் பிழையன்று, ஒலிச்சான்று

1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த 'ட்ரூரோ' கப்பலே, ஒப்பந்தத் தொழிலாளரைச் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கொண்டுசென்ற முதற்கப்பல். 1911 வரை சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன கப்பற்பட்டியல்களில் பதிவாயின. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அப்பட்டியல்களைக் கொண்டே மூதாதையரின் ஊரைத் தேடுகின்றனர்.

தேடல் பெரும்பாலும் தடைப்படுவது எழுத்துக்கூட்டலில்தான். 'கவுண்டர்' அங்கே 'கோவெண்டர்' ஆயிற்று. இதைச் 'சிதைந்த பெயர்' என்று ஒதுக்குவது ஆய்வுக்கு அழகன்று. எழுத்தர் தம் செவிக்கு எட்டியதை எழுதினார். ஆகவே அது ஒலிச்சான்று. 'சின்னசாமி' என்பவர் ஆங்கில அகரவரிசையில் 'சி' வரிசையிலும் இருக்கலாம், 'எஸ்' வரிசையிலும் இருக்கலாம். தமிழ் ஒலியியல் அறியாதவர் ஒன்றில் மட்டும் தேடி, ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

ஊர்ப்பெயருக்கும் இதே எச்சரிக்கை தேவை. பட்டியலில் 'வட ஆர்க்காடு' என்றிருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் தேடுதல் போதாது. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் அதனுள் அடங்கியிருந்தது. மூதாதையர் தெலுங்கு பேசியவராகவும் இருந்திருக்கலாம்.

ஒலியொப்புமை வழியே தேடத்தக்க பெயரடைவு ஒன்றை நம் மொழியியல் துறைகள் உருவாக்க வேண்டும். மாணவர்க்கு இதனினும் பயனுள்ள களப்பயிற்சி அரிது. ஊர் தெரியாமல் திரும்புவோர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.