95 சதவீதம் நிஜ ஆம்ப் மாதிரியே இருக்காம்!

கிடார் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் போதும், நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். "லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப்தான் நிஜ ஆம்ப் மாதிரி இருக்கு, ஜூம் எல்லாம் பொம்மை" என்பார் ஒருவர். "டோனெக்ஸ் ஒன் முன்னாடி ஸ்டாம்ப் நிக்குமா?" என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு ஆசாமி வருவார். அவர் கணக்கு வாத்தியார் பரம்பரை. "இது 95 சதவீதம் நிஜம், அது 80தான்" என்று மார்க்கே போட்டுவிடுவார்.

எதில் 95? எந்த ஆம்ப்பை வைத்து, எந்த ஸ்பீக்கரில், எவ்வளவு சத்தத்தில் அளந்தது? கேட்டுப் பாருங்கள். "காது இருந்தா தெரியும்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

இது வெறும் வேடிக்கை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்த மார்க் பட்டியலை நம்பித்தான் ஒரு மாணவன் பாக்கெட் மணி சேர்த்து வாங்கிய பெட்டியை ஆறே மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி அடுத்ததை வாங்குகிறான். அடுத்த வருடம் இன்னொரு பட்டியல் வந்து அதையும் பொம்மை என்று சொல்லும். பெட்டி மாறிக்கொண்டே இருக்கும். விரல் மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. எலெக்ட்ரிக் கிடாரில் கையில் இருப்பது பாதி வாத்தியம்தான். மீதிப் பாதி ஆம்ப்பும் ஸ்பீக்கரும். வால்வ் ஆம்ப்பை நன்றாகத் திருகி வைத்தால்தான் அந்தக் கரகரப்பு வரும். அப்படித் திருகினால் பக்கத்து வீட்டுக்காரரும் வருவார்! அதனால்தான் ஆம்ப்பை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கும் முயற்சி பல வருடங்களாக நடக்கிறது. 1982ல் பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் ராக்மேன் என்ற, ஹெட்போனில் கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். 1989ல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப். இவை இரண்டும் அனலாக். 1998ல் சிவப்பு நிறத்தில், பெரிய ராஜ்மா விதை போல லைன் 6 பாட் வந்தது. இது டிஜிட்டல். அப்புறம் 2006ல் ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011ல் கெம்பர், 2018ல் ஸ்டாம்ப், 2024ல் உள்ளங்கையில் அடங்கும் டோனெக்ஸ் ஒன். இன்னொரு பக்கம் ஆம்ப்போடு டிலே, ரிவர்ப், கோரஸ் இத்யாதிகளையும் சேர்த்துத் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்கள். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் வகையறா.

ஒவ்வொன்று வந்தபோதும் "இனிமேல் நிஜ ஆம்ப்புக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை" என்றார்கள். அடுத்தது வந்ததும் முந்தையது பொம்மையாகிவிட்டது. வித்தியாசமே இல்லாத ஒன்றைவிடக் குறைவான வித்தியாசத்தோடு இன்னொன்று எப்படி வரும்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சரி, இந்த ஒப்பீடுகளில் உண்மையில் ஒப்பிடப்படுவது என்ன? பெட்டி இல்லை. பெட்டியைத் தவிர மற்ற எல்லாமும்!

முதலாவது, சத்தத்தின் அளவு. இரண்டு டம்ளர் காபியில் ஒன்றில் மட்டும் அரை ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டுவிட்டு "எந்தக் கொட்டை நல்ல கொட்டை?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கொஞ்சமே கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது காதுக்கு "நல்லா" ஒலிப்பதாகத்தான் படும், சத்தம் கூடியிருப்பதாகப் படாது. தவிர, சத்தம் குறையும்போது அடிநாதமும் உச்சநாதமும் காதுக்கு அதிகமாகக் குறைந்து கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டிய விஷயம் இது. படுக்கையறையில் மெல்லிய சத்தத்தில் அமைத்த டோன் மேடையில் கும்மென்று கொழகொழப்பதற்கு இதுவே பெரிய காரணம். பழி மட்டும் பெடல் மேல்.

இரண்டாவது, கேபினெட். கிடார் ஸ்பீக்கர் என்பது வீட்டு ஸ்பீக்கர் மாதிரி எல்லாவற்றையும் ஒலிக்காது. ராக் உலகில் அதிகம் புழங்கும் செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் கொடுக்கும் எல்லை 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். மனிதக் காது கேட்பதோ கிட்டத்தட்ட 20,000 வரை. மேலே இருக்கும் இரைச்சலை எல்லாம் வெட்டி எறிவதே அந்த ஸ்பீக்கர்தான். மாடலரில் இந்த வேலையைச் செய்வது ஐ.ஆர். எனப்படும் கோப்பு. ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், மைக் வைத்த இடம், எல்லாம் சேர்த்து எடுத்த ஒரு போட்டோ என்று வைத்துக்கொள்ளலாம். அதை மாற்றினால் ஒரே ஆம்ப் மாடல் இரண்டு வேறு ஆம்ப்கள் போல் ஒலிக்கும். அதை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டால் கொசு பாடும். அணைக்காமல் கிடார் ஆம்ப்பின் முன் வாசலில் சொருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் இருக்கும். "இந்தப் பெட்டி வேஸ்ட்" என்ற தீர்ப்புகளில் பல, இந்த ஒரு சுவிட்ச்சைத் தப்பாக வைத்ததால் எழுதப்பட்டவை.

மூன்றாவது, ப்ரீசெட். பெட்டியைப் பிரித்ததும் முதல் பத்து ப்ரீசெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதப்படும் விமர்சனம், ப்ரீசெட் அமைத்தவரின் ரசனையைப் பற்றியது. ரிவர்பையும் டிலேயையும் வாரிக் கொட்டி வைத்தால் கடையில் விற்கும். குழுவோடு வாசித்தால் காணாமல் போகும். இதில் பெட்டியின் திறமையை எங்கே போய்த் தேடுவது?

நான்காவதுதான் முக்கியம். அந்த "நிஜ ஆம்ப்". காணொளியில் கேட்கும் நிஜ ஆம்ப் நிஜ ஆம்ப்பே இல்லை. மைக் வைத்து, பதிவு செய்து, சுருக்கி, கடைசியில் கேட்பவரின் கைபேசி ஸ்பீக்கரில் வந்து விழும் ஒலி அது. அதோடு ஒப்பிட்டு "95" என்றால், ஒரு போட்டோவை இன்னொரு போட்டோவோடு ஒப்பிட்டுவிட்டு ஆளை நேரில் பார்த்ததாகச் சொல்வது போல.

இதற்கு மறுப்பாக வரும் ஒரு வாதம் மட்டும் நியாயமானது. "டோன் சமமா இருக்கலாம், ஆனா கைக்குக் கிடைக்கற உணர்வு வேற" என்பது அது. உண்மைதான். மெதுவாகத் தட்டினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் கரகரவென்றும் வருகிறதா, கிடாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு அடங்குகிறதா என்பதில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு. ஆனால் கவனியுங்கள், கையில் உணர வேண்டியதை அடுத்தவர் வாசித்த காணொளியில் எப்படி உணர்வது? இந்த வாதம் ஒப்பீட்டுப் பட்டியலைக் காப்பாற்றவில்லை, இன்னும் ஆழமாகப் புதைக்கிறது. "தாமதமா வருது" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் தாமதம். அதை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஹெட்போனில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் வந்தால் மட்டும் விரல் தடுமாறுகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

வரலாற்றையும் பார்க்கலாம். 1987ல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற டெஃப் லெப்பர்டின் ஹிஸ்டீரியா ஆல்பத்தில் கிடார்களின் பெரும்பகுதி ராக்மேன் வழியாகப் பதிவானவை. இன்றைய மார்க் பட்டியலில் அந்தப் பெட்டிக்கு 30 கூடக் கிடைக்காது. 2013 டிசம்பரில் மெட்டாலிக்கா அண்டார்க்டிகாவில் வாசித்தபோது மேடையில் ஆம்ப் கிடையாது. ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வழியாக வாசித்தார்கள், வந்தவர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். "நிஜம் எங்கே?" என்று யாரும் எழுந்து போகவில்லை.

அப்படியானால் எதையுமே ஒப்பிடக் கூடாதா? தாராளமாக ஒப்பிடலாம், ஒப்பிடக்கூடியதை! ஜிடி-1 நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். ஸ்டாம்ப்புக்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும், சாதாரண பெடல் அடாப்டர் போதாது. ஸ்டாம்ப்பில் காலால் மிதிக்க மூன்று சுவிட்ச். டோனெக்ஸ் ஒன்னில் ஒன்றே ஒன்று, திரையும் கிடையாது. ஜி1 ஃபோரில் ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட், கூடவே லூப்பரும் தாளமும் உண்டு, தனியாகப் பயிற்சி செய்பவனுக்கு அது பெரிய வரம். வாங்கிய பிறகு கம்பெனி கவனிக்கிறதா என்பதும் முக்கியம். ஸ்டாம்ப் வந்தபோது ஒரு ப்ரீசெட்டில் ஆறு பிளாக்தான் அடுக்க முடிந்தது. 2020ல் இலவச அப்டேட்டில் எட்டானது. பாட்டுக்கு நடுவே ப்ரீசெட் மாற்றினால் ஒலி ஒரு கணம் அறுந்துபோகிறதா? இருட்டு மேடையில் குனிந்து பார்த்தால் திரை தெரிகிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் இதை எழுதினால் சண்டை வராது. சண்டை இல்லாவிட்டால் கூட்டமும் வராது!

டோனைத்தான் ஒப்பிட்டே தீருவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கிடாரை எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் ஒரே ஒரு முறை பதிவு செய்து, அதையே இரண்டு பெட்டிகளுக்குள்ளும் அனுப்ப வேண்டும். இரண்டிலும் ஒரே ஐ.ஆர். சத்த அளவை மீட்டர் பார்த்துச் சமப்படுத்த வேண்டும். பெயரை மறைத்துவிட்டு வேறொருவர் போட்டுக் காட்ட, எது எது என்று பத்து முறை சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்துக்குப் பத்து வந்தால் அப்புறம் மார்க் போடட்டும்.

அதுவரை, கையில் ஜூம் வைத்திருக்கும் மாணவன் அதை விற்க வேண்டியதில்லை. கேபினெட் சுவிட்ச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ரிவர்பைக் குறைத்து, வேறு ஐ.ஆர். ஏற்ற வசதி இருந்தால் அதையும் முயன்று பார்த்தாலே போதும். மடிக்கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்துக்கு இரண்டு செட் கம்பியும், நல்ல வாத்தியாரிடம் ஒரு மாத வகுப்பும் வாங்கலாம். அந்த வகுப்பில் ஏறும் மார்க்கை எந்தப் புதுப் பெட்டி வந்தும் குறைக்க முடியாது.