சிறு படகே போதும்

பிழைப்புக்காக மீன் பிடிப்பது வேறு, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவது வேறு. இரண்டாவதான இந்தப் பழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றியிருப்பதைப் போல் வேறெங்கும் வேரூன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தச்சரும் பள்ளி ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் ஓய்வுபெற்ற தபால்காரரும், வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் ஏரிக்கரையில் வந்து நிற்பதைத் தங்கள் வாழ்க்கையின் நியாயமான ஓர் உரிமையாகவே கருதிவந்திருக்கிறார்கள். அந்த உரிமைக்குக் குறுக்கே இப்போது படகின் விலை வந்து நிற்கிறது. 'பாஸ்' என்னும் மீனைத் தேடிச் செல்வதற்கென்றே அமைக்கப்பட்டு, 20 அல்லது 21 அடி நீளமும், 250 குதிரைத்திறன் மோட்டாரும், நவீன மின்னணுக் கருவிகளும் கொண்ட முதல்தரமான ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று இன்று ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அந்நாட்டுக் குடும்பங்களில் சரிபாதியின் ஆண்டு வருமானம், 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 80,610 டாலருக்கு உட்பட்டதுதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு குடும்பம் ஓராண்டு முழுவதும் உண்ணாமலும் உடுக்காமலும் வாடகை கொடாமலும் இருந்தால்கூட இப்படகை ரொக்கமாக வாங்க இயலாது என்பது விளங்கும். ஆகவேதான் வீட்டுக்குக் கடன் வாங்குவதுபோல் படகுக்கும் 15, 20 ஆண்டுத் தவணைகளில் கடன் வாங்குகிறார்கள். வீட்டின் மதிப்பாவது காலப்போக்கில் உயர்வதுண்டு. படகின் மதிப்போ கடையை விட்டு வெளியேறிய அன்றே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பெரிய படகு எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்பது பிரயோஜனமானது. அர்க்கன்ஸாஸ், மிஸௌரி மாநிலங்களில் பரவிக் கிடக்கும் ஓஸார்க் மலைப்பிரதேசத்தில், தட்டையான அடிப்பாகம் கொண்ட 'ஜான் படகு' என்னும் எளிய மரப்படகில் ஏறி, ஆற்றின் போக்கிலேயே மிதந்து சென்று மீன் பிடிப்பதுதான் முந்தைய தலைமுறையினரின் வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் அந்த ஆறுகளின் குறுக்கே அணைகள் எழும்பின. ஆறுகள் இருந்த இடத்தில் பல மைல் விஸ்தாரமுள்ள நீர்த்தேக்கங்கள் உண்டாயின. அவற்றுள் ஒன்றான பீவர் ஏரியில், 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரே ஸ்காட் என்பவர் 106 தூண்டில்காரர்களைத் திரட்டி ஒரு பெரும் பந்தயம் நடத்தினார். மறு ஆண்டே, அர்க்கன்ஸாஸ் மாநிலத்தின் ஃபிளிப்பின் என்னும் சிற்றூரில், ஒயிட் ஆற்றில் மீன்பிடி வழிகாட்டியாகத் தொழில் செய்துவந்த ஃபாரஸ்ட் உட் என்பவர் 'ரேஞ்சர்' படகுத் தொழிலைத் தொடங்கினார். முதலாண்டில் அவர் கட்டியவை ஆறே படகுகள். பந்தயத்தின் தர்மம் வேறு. விடியற்காலையில் எல்லாரும் ஒரே துறையிலிருந்து புறப்பட்டு, குறித்த நேரத்திற்குள் திரும்பிவந்து மீனை நிறுத்துக் காட்டவேண்டுமென்பது விதியாகிவிட்ட பிறகு, முப்பது மைலுக்கு அப்பாலுள்ள நல்ல இடத்தை முதலில் சென்று அடைபவனுக்கே வெற்றி வாய்ப்பு அதிகம் என்பதால், வேகமே பிரதானமாயிற்று. வேகத்திற்குப் பெரிய மோட்டாரும், பெரிய மோட்டாருக்கு நீண்ட படகும், நீண்ட படகை இழுக்கக் கனமான டிரெய்லரும், அந்த டிரெய்லரை இழுக்க ஒரு பிக்கப் லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக அவசியமாயின. மணிக்கு 70 மைல் வேகத்தில் நீரைக் கிழித்துச் செல்லும் இன்றைய படகு அந்தப் பந்தயத்திற்குப் பிறந்த கருவி. பந்தயக்காரர் அதை வைத்துக்கொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. பந்தயத்தில் ஒருநாளும் கலந்துகொள்ளாத ஒரு சாதாரண மனிதர், வருஷத்தில் சில வார இறுதிகளில் மகனை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போவதற்காக, அந்தக் கருவியையே வாங்கக் கடமைப்பட்டவர்போல் நினைப்பதுதான் என் வருத்தம்.

விலைவாசி எல்லாவற்றிலும் ஏறியிருக்கும்போது படகில் மட்டும் ஏறாதிருக்குமா என்று கேட்கலாம். மிஸௌரி மாநிலத்து வியாபாரி ஜானி மாரிஸ் 1978-இல் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றையும் சேர்த்து, அப்படியே ஏரிக்கு இழுத்துச் செல்லும் நிலையில், 2,995 டாலருக்கு 'பாஸ் டிராக்கர்' என்னும் அலுமினியப் படகை விற்றார். அன்றிலிருந்து அந்நாட்டின் பொதுவான விலைவாசி ஐந்து மடங்கிற்குச் சற்றுக் குறைவாகவே உயர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இன்று அது 14,400 டாலர் அளவில் நிற்கவேண்டும். பதினாலாயிரத்துக்கும் லட்சத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பணவீக்கம் என்ற ஒரு சொல்லால் கடக்க முடியாது. வேறு காரணங்களும் உண்டுதான். புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களால் பழைய மலிவான டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் மறைந்து, விலையும் கனமும் மிகுந்த ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்கள் வந்தன. ஏரிநீரில் எண்ணெய் படிவது குறைந்ததால் அந்தச் செலவு நியாயமானதே. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்ட ஜனங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் படகு கேட்டார்கள். அலுமினிய இறக்குமதிக்கு 2018-இல் 10 சதவீதமாக விதிக்கப்பட்ட தீர்வை 2025-இல் 50 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் இவையெல்லாம் சிறு படகையும் பெரிய படகையும் ஒருங்கே தாக்கும் காரணங்கள். பெரிய படகின் விலையை இவ்வளவு உயரத்திற்குக் கொண்டுசென்றது, அதன்மேல் ஏற்றப்படும் சாமான்களே: லித்தியம் பாட்டரிகள், நங்கூரமின்றியே ஓரிடத்தில் படகை நிறுத்திவைக்கும் மின்மோட்டார், நீருக்கடியில் நீந்தும் மீனை அப்போதைக்கப்போது திரையில் காட்டும் சோனார், ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் அந்தத் திரைகள். இவற்றுள் முன்னோக்கிப் பார்க்கும் சோனாருக்குப் பந்தய அமைப்புகளே 2025-இல் கட்டுப்பாடுகள் விதிக்கவேண்டி வந்தது.

லட்சம் டாலர் என்ற இந்தத் தொகைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளை ஆடம்பரப் பொருள்களாகக் கருதி, லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குப் பத்து சதவீத வரி விதித்தது. படகுத் தொழிலாளர் பலர் வேலையிழந்தார்கள் என்ற கூக்குரலால் 1993-இல் அவ்வரி ரத்தாயிற்று. அன்றைய லட்சம் இன்றைய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகைக்குச் சமம் என்பது உண்மையே. ஆயினும், ஆடம்பரத்தின் எல்லையென்று ஒரு காலத்தில் சட்டமே வரையறுத்த ஒரு தொகையை, ஏரியில் மீன் பிடிக்கும் படகு வந்து தொடுமென்று அந்நாளில் எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

சிறு படகைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 1944-இல் கிரம்மன் விமானக் கம்பெனியின் உபதலைவர் வில்லியம் ஹாஃப்மன், அடிரோண்டாக் மலைப்பகுதியில் கித்தான் போர்த்திய மரத்தோணியைத் தோளில் சுமந்து களைத்துப்போய், விமானம் கட்டும் அலுமினியத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று எண்ணினார். யுத்தம் முடிந்தபின் வந்த அலுமினியப் படகுகள் மரப்படகின் பெருந்தொல்லைகளான உளுப்பையும் கனத்தையும் ஒருங்கே தீர்த்தன. 12 அடி அலுமினிய ஜான் படகு ஒன்றின் எடை அறுபது கிலோ அளவில்தான். இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அதற்கு 9.9 குதிரைத்திறன் மோட்டாரும் ஒரு சிறு டிரெய்லரும் சேர்த்துப் புதிதாகவே வாங்கினாலும் செலவு பத்தாயிரம் டாலரைத் தொடாது. பழையதாக வாங்கினால் இன்னும் எவ்வளவோ குறையும். பெரிய மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 80 லிட்டருக்கு மேல் பெட்ரோலைக் குடிக்கிறது. சிறிய மோட்டாருக்கு 4 லிட்டர் ஏறக்குறையப் போதும். வீட்டுக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் நிறுத்திவைக்க வாடகை இல்லை. பழுது வந்தால் கையில் ஸ்பானர் உள்ள எவரும் பார்த்துவிடலாம்.

காசு மிச்சமாவதைவிடப் பெரிய நன்மை, சிறு படகு சென்று சேரும் இடங்கள். மீன் பெரும்பாலும் இருப்பது கரையோரத்து அடிமரங்களுக்கும் நீர்ச்செடிகளுக்கும் நடுவே, முழங்கால் ஆழத்துத் தேக்கங்களில். சில அங்குல ஆழமே போதுமான சிறு படகு அங்கே மெல்ல நுழைந்துவிடும். கான்கிரீட் சரிவுத்துறை இல்லாத குளங்களிலும், பாலத்தடி வழியே மட்டும் இறங்கக்கூடிய ஆறுகளிலும், மின்மோட்டாரை மட்டும் அனுமதிக்கும் குடிநீர்த்தேக்கங்களிலும் லட்ச டாலர் படகுக்கு இடமில்லை. மினஸோட்டா மாநிலத்தின் வடகோடியிலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் வனத்தில், 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கே அனுமதியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்த ஏரிகள் துடுப்புப் பிடிப்பவனுக்கே தங்களைத் திறந்து வைத்திருக்கின்றன. தவிரவும், மெதுவாகப் போகிறவன் பார்க்கிறான். காற்று எந்தக் கரையில் நீரை மோதுகிறது, நாரை எங்கே நிற்கிறது, நீரின் நிறம் எங்கே மாறுகிறது என்பனவற்றை, மோட்டாரின் கைப்பிடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பலகையில் அமர்ந்திருப்பவன் தானாகவே கற்றுக்கொள்கிறான். எழுபது மைல் வேகத்தில் அந்த இடத்தைக் கடந்து சென்றவனுக்கு அந்தப் பரிச்சயம் வாய்ப்பதில்லை.

சிறு படகு ஆபத்தானதல்லவா என்று அஞ்சுவோருக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறேன். 1958-இல் டிக் ஃபிஷர் என்பவர் நுரைப்பொருளை உள்ளே நிரப்பி 13 அடி 'பாஸ்டன் வேலர்' படகை அமைத்தார். 1961-இல் 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் முன்னிலையில், தாம் அமர்ந்திருக்கும்போதே அப்படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கச் செய்து, மோட்டார் இருந்த பின்பாதியை ஓட்டிச் சென்று காட்டினார். 1971-ஆம் ஆண்டின் மத்தியப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி வந்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைந்த சாதாரண மோட்டார் படகுகள் நீர் நிரம்பினாலும் மூழ்கிவிடாமல் மிதக்கவேண்டும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைத்திறன் என்பதைக் கூறும் தகடும் பதித்திருக்கவேண்டும். அத்தகடு சொல்வதை மதித்து, உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமல் அணிந்திருப்பது அவசியம். ஈரி போன்ற பேரேரியில், ஆழம் குறைவாதலால் காற்றடித்த சிறிது நேரத்திற்குள் செங்குத்தான அலைகள் எழுந்துவிடும். அங்கே 12 அடிப் படகில் கரையை விட்டு வெகுதூரம் செல்வது தைரியமாகாது. அந்நீருக்குப் பெரிய படகே தகும். அலுமினியத் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள் நாளடைவில் தளர்ந்து நீர் கசிவதும், உள்ளே ஒரு கருவி விழுந்தாலும் பெரும் சத்தம் எழுவதும் அலுமினியப் படகின் குறைகள். ஒரு துண்டுக் கம்பளம் விரித்தால் பின்னதற்குப் பரிகாரமாகிவிடும்.

சிறு படகு பெருகுவதில் பொதுநலன் ஒன்றும் அடங்கியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்ஸன் சட்டப்படி தூண்டில் சாதனங்களின்மீது வசூலாகும் வரியும், 1984-இல் அதனோடு சேர்ந்த படகு எரிபொருள் வரியும், மாநிலங்களின் மீன்வளப் பாதுகாப்புக்கும் படகுத்துறைகளுக்கும் போகின்றன. படகின் விலைக்கு அஞ்சி மீன் பிடிப்பவர் தொகை குறைந்தால் அந்த நிதி சுருங்கும். ஏரிகளுக்காக வாதாடும் குரல்களும் குறையும். இளைஞர் பக்கம் பார்த்தால் கவலை அதிகமாகிறது. இல்லினாய் மாநிலம் 2009-இல் பள்ளிகளுக்கிடையே பாஸ் மீன்பிடிப் போட்டியை அங்கீகரித்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியே சென்றன. ஓடத் தெரிந்த பையன் ஒரு ஜோடி காலணியோடு ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்துவிடலாம். தூண்டில் போடத் தெரிந்த பையனுக்கோ, படகுள்ள பெரியவர் ஒருவர் கிடைக்கவேண்டியிருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில், மின்மோட்டார் மட்டும் அனுமதிக்கப்படும் நீர்த்தேக்கங்களில், ஜான் படகுகளுக்கென்றே பந்தயங்கள் நடத்துகிறார்கள். அந்த முறையைப் பள்ளிப் போட்டிகளுக்கு எடுத்துக்கொள்வதில் யாதொரு சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை. படகு 16 அடிக்கு மேற்படலாகாது, மோட்டார் 25 குதிரைத்திறனுக்கு மேற்படலாகாது, சோனார் திரை ஒன்றே என்று ஒரு பிரிவை அமைத்து, அதைச் சிறிய ஏரிகளில் நடத்தட்டும். ஒரு பள்ளி தானே நான்கு படகுகளை வாங்கி வைத்துக்கொண்டு, தகப்பனாரின் சம்பளம் எவ்வளவென்று கேளாமல், விரும்பும் மாணவரை எல்லாம் ஏற்றிச் செல்ல அப்போது முடியும். அத்தகைய படகை விற்பனைக்கூடத்தின் பின்கொல்லையில் சாத்தி வைக்காமல் முன்வாசலிலேயே நிறுத்தி, மோட்டாரும் டிரெய்லரும் சேர்ந்த முழு விலையையும் அதன்மேல் எழுதித் தொங்கவிட வியாபாரிகள் முன்வரவேண்டும். ஜானி மாரிஸ் 1978-இல் செய்ததும் அதைத்தான்.