பஜ்ஜி போட்ட எண்ணெயில் வண்டி ஓடுமா? நானோ வினையூக்கி செய்யும் வேலை இதுதான்!

கொட்டிவாக்கத்தில் ஈசிஆர் ஓரமா சாயங்காலம் நடந்தா பஜ்ஜி, சமோசா, சிக்கன் வாசனைதான். எல்லாம் சரி, கடையில் மிஞ்சும் கறுத்த எண்ணெய் எங்கே போகணும்?

பொரித்த எண்ணெயில் டிபிசி எனப்படும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அதில் மறுபடி சமைக்கக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் விதி. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் 'ரூகோ' திட்டத்தை, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்கியது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு.

எண்ணெய் எப்படி டீசலாகுது?

100 கிலோ எண்ணெயுடன் சுமார் 10 கிலோ மெத்தனால் சேர்த்து, 60 டிகிரி அளவில் சூடாக்கினால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கும். ஆனா இந்த வினை வேகமா நடக்க ஒரு வினையூக்கி வேணும். வழக்கமாகப் பயன்படுவது காஸ்டிக் சோடா. விலை குறைவு. சிக்கல் என்னன்னா, அது கலவையிலேயே கரைந்துவிடும். திரும்ப எடுக்க முடியாது. அமிலம் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கழுவணும். அந்தக் கழிவுநீரையும் சுத்தம் செய்யணும்.

இங்கேதான் உலோக ஆக்சைடு வருது!

நம்ம ஊர் கிளிஞ்சலைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, இதே வேலையைச் செய்யும். மெத்தனாலில் பெரும்பாலும் கரையாது. வடிகட்டி, கழுவி, சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். நானோ அளவுக்குப் பொடியாக்கினால் மேற்பரப்பு கூடும், வினை வேகமாகும். ஆனா அவ்வளவு சின்னத் துகளை வடிகட்டுறது கஷ்டம். அதனால இரும்பு ஆக்சைடுடன் சேர்த்துத் தயாரிக்கிறாங்க. காந்தம் வைத்தால் போதும், துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இது வெறும் ஆய்வகக் கதை இல்லை. துத்தநாக-அலுமினிய ஆக்சைடு திட வினையூக்கியுடன் பிரான்சின் செட் நகரில் 2006-லேயே பயோடீசல் ஆலை தொடங்கப்பட்டது.

அப்போ ஏன் எல்லா இடத்திலும் வரலை?

பழைய எண்ணெயில் தண்ணீரும் கொழுப்பு அமிலமும் அதிகம். சுண்ணாம்பு அந்த அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எரிபொருளிலும் கரையும். காற்றுபட்டால் வீரியம் குறையும். அதனால் எண்ணெயை முதலில் சுத்தப்படுத்தியாகணும். அதுக்கும் செலவு உண்டு.

எனவே 'பலமுறை பயன்படும் நானோ வினையூக்கி கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால், மூணு கேள்வி கேளுங்க: சோதனை புது எண்ணெயிலா, பழைய எண்ணெயிலா? எத்தனை தடவைக்குப் பிறகு திறன் குறைஞ்சது? உலோகம் எவ்வளவு கரைஞ்சது? ஆய்வகத்தில் ஐந்து தடவை போதும். ஆலையில் மாதக்கணக்கில் தாங்கணும்.

வீட்டில் நாம என்ன செய்யலாம்?

மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீங்க, குழாய் அடைக்கும். ஆறவைத்து, தண்ணீர் படாமல் வடிகட்டி, பாட்டிலில் சேர்த்து, பயோடீசலுக்காகச் சேகரிப்பவர்களிடம் மட்டும் கொடுங்க. விலை கூடக் கிடைக்குதேன்னு வேறு யாரிடமாவது கொடுத்தால், அது மறுபடி ஏதோ ஒரு கடையின் சட்டிக்கே போகலாம்.